பிளாப்பியில் ஓடிய வாய்க்கால்

பழைய இயந்திரம் எதுவானாலும் அதை ஓட்டிப் பார்க்காமல் வைத்திருப்பதுதான் நான் செய்யும் முதல் வேலை. பல வருடம் தூங்கிக் கிடந்ததை ஸ்விட்ச் தட்டி எழுப்பிப் பார்க்கும் ஆசையில்தான் அவை பெரும்பாலும் செத்துப்போகின்றன. வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை நான் வரும்வரை தொட வேண்டாம் என்று பெரியப்பாவிடம் போனில் சொல்லியிருந்தேன். சரி சரி என்றார். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் என் கருவிப் பையை வாங்கி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்:

"போட்டுப் பாத்தேன் பாப்பா. ஒண்ணும் வரல. இருட்டாவே இருக்கு."

"ஏன் பெரியப்பா?"

"இல்ல, அது நல்லா இருந்துதுன்னா உனக்கு வீண் அலைச்சல்தானே."

"ஏதாச்சும் வாசம் வந்துதா?"

"வந்துது. அயர்ன் பொட்டி சூடாவுற மாதிரி."

"பிளாப்பி எதையும் உள்ள வெச்சீங்களா?"

"அதெல்லாம் டீச்சரோட பீரோவுல இருக்கு. சாவி அவ இடுப்புல. அதத் தொட்டா என்னைய ஊர விட்டே ஓட்டிடுவா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. டீச்சர் என்று அவர் சொன்னது தன் மனைவியை. என் அம்மாவின் அக்கா. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பாவுக்கு வயலைத் தவிர வேறு வேலை தெரியாது என்று பெரியம்மா சொல்வார். பெரியம்மாவைத் தவிர வேறு மேலதிகாரி கிடையாது என்று பெரியப்பா சொல்வார்.

போகும் வழியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள், எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. வெடித்த சேற்றில் பிளாஸ்டிக் பாட்டில்கள் புதைந்து நின்றன. வயல்களிலோ போர்வெல் மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. குறுவை நாற்றைக் காப்பாற்ற ஊரே பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் பெரியம்மா நின்றிருந்தார். மொபெட் நின்ற பிறகும் என்னை உடனே பார்க்கவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து, கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி நிமிர்த்தி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் என் முகத்தைத் தேடிப் பிடித்தார். பிடித்ததும் சிரித்தார்.

"வா. இவரு போட்டு ஒடச்சதச் சொன்னாரா, இல்ல நல்ல புள்ள மாதிரி இருந்துட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"எதையும் தொட்டுப் பாக்காம இருக்க முடியாது இவருக்கு. கரண்ட் இருக்கா இல்லையான்னு கம்பியையே தொட்டுப் பாக்குற ஆளு."

ஒரு மாதத்துக்கு முன் பெரியம்மாவைத் தஞ்சாவூரில் கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள்: தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் சாவித்துவாரம் அளவுக்கு ஒரு வெள்ளை. அந்த வெள்ளைதான் பார்வை. முன்பு எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தால் அது சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. "சொட்டு மருந்து இருக்கறதக் காப்பாத்தத்தாம்மா. போனது திரும்ப வராது" என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா நீடாமங்கலம் தாண்டிய பிறகு சொன்னார்:

"இருக்கறப்பவே ஒண்ணு பாக்கணும். என் தண்ணிய ஓட்டிப் பாக்கணும்."

அது என்ன தண்ணீர் என்று சொல்லிவிடுகிறேன். பெரியம்மா இளம் டீச்சராக இருந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. டிவியில் சொருகிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் செங்கல் அடுக்கியதுபோல் கனமான டிஸ்க் டிரைவ். கூட வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரியம்மா தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கற்று, காவிரியை எழுதினார்.

நிரலை ஓட்டினால் கல்லணையில் ஒரு நீலப் புள்ளி தோன்றும். அது காவிரியாகவும் வெண்ணாறாகவும் பிரியும். ஆறு கிளைகளாகவும் கிளை வாய்க்கால்களாகவும் பிரிந்து, ஒவ்வொரு மதகிலும் தயங்கி, நிறைந்து, நகரும். குடமுருட்டி, சோழசூடாமணி, அதற்குப் பிறகு பெயர் தெரியாத சிறு வாய்க்கால்கள், கடைசியில் ஒரு பச்சைக் கட்டம். அது எங்கள் குடும்பத்தின் வயல். கட்டம் நீலமானால் நிரல் முடியும். எந்த மதகில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கைச் சேகரித்தவர் பெரியப்பா. தண்ணீர் வரும் பருவத்தில் சைக்கிளில் கரையோடு போய், ஷட்டர் தூக்கும் லஸ்கர்களிடம் கேட்டுக்கொண்டு வருவாராம்.

"கல்யாணமான புதுசுல எல்லாரும் பொண்டாட்டியோட சினிமாவுக்குப் போவான். நான் மதகு மதகா ஓடுனேன்" என்பார்.

"சினிமாவுக்குப் போயிருந்தா என்னாத்தக் கண்டிருப்பீங்க. தூங்கிருப்பீங்க."

நிரலின் ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில் இருந்து, பழைய சாமான்களோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது பீரோவில் இருந்த ஒரே ஒரு பிளாப்பி.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிக்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது விடுமுறை நாள் வேலை. எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குக் கை ஓடாது. அன்று போட்ட வரிசை இது: முதலில் மின்சாரம், அடுத்து கம்ப்யூட்டர், அதன் பிறகு டிரைவ், கடைசியில் பிளாப்பி. இதை மாற்றக் கூடாது. மேலே இருப்பது கெட்டிருந்தால் கீழே இருப்பதைக் கொன்றுவிடும்.

மின்சாரத்திலேயே வினை இருந்தது. கம்ப்யூட்டரோடு வந்த பவர் அடாப்டரைத் தனியாக மின்சாரத்தில் சொருகி, அதன் முனையில் மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டும். ஐந்துதான் காட்டியது. எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். அடாப்டர் சூடாகச் சூடாக எண் ஏற ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், காய்ச்சல் ஏறுவதுபோல் ஏறியது. ஆறைத் தாண்டியதும் பிடுங்கிவிட்டேன். இந்த வகை அடாப்டர்கள் செத்தால் அமைதியாகச் சாவதில்லை, எதிரில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். பெரியப்பா போட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டருக்குள் போனது இதுதான்.

அந்த அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆய்வகத்தில் நானே கட்டிய ஒன்றை அடுத்த வாரம் எடுத்து வந்தேன். அதைக் கொடுத்ததும் டிவியில் இருட்டுக்குப் பதில் வெறும் கறுப்புத் திரை வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இருட்டு என்றால் யாரும் இல்லை. கறுப்புத் திரை என்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள், பேச முடியவில்லை. மூடியைக் கழற்றிச் சிப்புகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. மெமரி சிப்புகளில் ஒன்று மட்டும் சுட்டது. அதை எடுத்துவிட்டு வேறொன்று பற்றவைத்தேன். நீலத் திரை வந்தது, அதில் ஒரு சதுரம் மினுக்கியது.

பெரியம்மா நாற்காலியை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்தச் சதுரத்தைத் தேடினார். கிடைத்ததும் அசையாமல் இருந்தார்.

"சின்னதா ஆயிட்டு" என்றார்.

திரை சின்னதாகவில்லை. 

அந்த நேரத்தில் மின்விசிறி தளர ஆரம்பித்தது. அப்போது புரிந்தது வயல் இரைச்சல். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் ஊரில் எல்லா மோட்டாரும் சேர்ந்து ஓடும். வீட்டுக்கு வரும் வோல்டேஜ் சரியும். விளக்கு மஞ்சளாகும், விசிறி இறக்கையை எண்ணிவிடலாம். பெரியப்பா எழுந்து கூடத்துச் சுவரில் இருந்த பியூஸ் கட்டையை ஒரு இடத்திலிருந்து பிடுங்கி அடுத்த இடத்தில் சொருகினார். டப் என்ற சத்தம். ஒரு நொடி எல்லாம் அணைந்து, விசிறி வேகம் பிடித்தது. எந்த ஃபேஸில் கரண்ட் நன்றாக இருக்கிறதோ அதற்கு வீட்டை மாற்றிவிடுவது அங்கே எல்லார் வீட்டிலும் வழக்கம். கொசு அடிப்பதுபோல் கை தானாகச் செய்யும்.

"பெரியப்பா, நான் வேல பாக்கறப்ப கரண்ட நிறுத்திடாதீங்க."

"நான் ஏன் நிறுத்தப்போறேன்?" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

வோல்டேஜ் சரிவதைத் தாங்க ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்தேன். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினால் டிரைவ் வண்டுபோல உறுமியது, அதை நம்பவில்லை.

டிரைவைத் திறந்தபோது உள்ளே போட்டிருந்த கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. பிளாப்பியின் மேல் உரசிப் படிக்கும் சிறிய ஹெட், தன் தண்டவாளத்தில் நகர முடியாமல் ஒரே இடத்தில் முட்டி முட்டி டகடகவென்று அடித்துக்கொண்டது. பழையதைச் சுரண்டி எடுத்துப் புது எண்ணெய் விட்டேன், தளர்ந்த பெல்ட்டை மாற்றினேன், ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பானது. என்னிடம் இருந்த, யாருக்கும் வேண்டாத ஒரு பிளாப்பியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தது. இன்னொன்றையும் படித்தது. அதன் பிறகுதான் பெரியம்மா இடுப்புச் சாவியை எடுத்தார்.

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் கூடம் வரை வந்தது. பட்டுப் புடவைகளுக்கு நடுவில், மாதா படத்துக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தவரை அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை. பூச்சி அரிக்கக் கூடாது என்று துணிக்குள்ளேயே இரண்டு உருண்டைகளையும் போட்டுக் கட்டியிருந்தார். வருடாவருடம் கரைந்து போனதற்குப் பதில் புதிது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிளாப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். வட்டின் மேல் உப்புப் பூத்ததுபோல் மெல்லிய வெள்ளைப் பொடி. அந்துருண்டை ஆவியாகிப் போய் அதன்மேல் மறுபடி படிந்திருந்தது. அதற்கு அடியில் ஓரிடத்தில் பூஞ்சை, விரல்ரேகை மாதிரி. ஓரத்தை லேசாகத் தொட்டேன். பிசுபிசுத்தது. தகவலைத் தாங்கும் பழுப்புப் பூச்சு பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் பிடியை விட்டுக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் பெரியம்மா.

"தாங்கும்னு நெனைக்கிறேன். ஆனா நெறைய தடவ ஓட்ட முடியாது. ஒவ்வொரு தடவ படிக்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சுடும்."

"பாத்தா கொறையிது. என் கண்ணும் இதும் ஒரே கடையில வாங்கினது போலருக்கு."

உறையை ஓரம் பிரித்து வட்டை வெளியே எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, புது உறையில் போட்டேன். பிசுபிசுப்பு குறைந்தது, போகவில்லை. என் திட்டம்: பழைய கம்ப்யூட்டரில் இதை ஓட்டவே கூடாது. டிரைவை ஒரு கேபிள் வழியாக என் லேப்டாப்போடு இணைத்து, வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும் தகவலை வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி ஒரே ஒரு முறை படித்து நகல் எடுக்க வேண்டும். சில வட்டங்களுக்கு ஒருமுறை நிறுத்தி ஹெட்டைத் துடைக்க வேண்டும். நகல் கையில் வந்தால் புது பிளாப்பியில் எழுதி எத்தனை முறை வேண்டுமானாலும் தண்ணீர் ஓட்டலாம். அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் சிறியது என்பதால் பெரியம்மா நிரலை மூன்று துண்டாகச் சேமித்திருந்தார்: தலைத் துண்டு, நடுத் துண்டு, கடைமடைத் துண்டு. ஒன்று ஓடி முடிந்ததும் அடுத்ததை டிரைவ் ஏற்றிக்கொள்ளும். கடைமடைத் துண்டு உள் வட்டங்களில் இருந்தது. கடைசியாகத்தான் அங்கே போக முடியும்.

ஆரம்பித்தேன். டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்தது. டக், ஒரு வட்டம். டக், அடுத்தது. லேப்டாப்பில் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிறைந்தன. நிறுத்தித் துடைத்தேன். பஞ்சில் பழுப்புக் கோடு. மறுபடி தொடங்கினேன். பெரியம்மா பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு டக்கையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப கல்லணையத் தாண்டிருக்கும்" என்றார் ஒருமுறை. தலைத் துண்டு முழுதாக வந்தது. நடுத் துண்டும் வந்தது.

உள் வட்டங்களுக்குள் போனதும் ஒரு கீச்சொலி கேட்டது. நகத்தால் பலகையைக் கீறுவதுபோல், மெல்லியது. பூச்சு உரியத் தொடங்கும் சத்தம். அடுத்த வட்டம் முடிந்ததும் நிறுத்தித் துடைக்க வேண்டும் என்று பஞ்சை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

விசிறி தளர்ந்தது. வெளியே மோட்டார்கள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு கிளம்பின. ஸ்டெபிலைசர் க்ளிக் என்று ஒரு படி மாறி, தாங்கியது. இரண்டாவது க்ளிக். அதையும் தாங்கியது. நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கூடத்தில் காலடி நடந்ததைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

டப்.

டிரைவ் செத்து, ஒரு நொடியில் உயிர் வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு எதுவும் தெரியாது. கேட்ட வட்டம் வரவில்லை, திரும்பக் கொடு என்று கேட்டது. டிரைவ் தான் இருக்கும் இடம் தெரியாமல் ஹெட்டைக் கொண்டுபோய் முட்டியது, திரும்ப வந்தது, அழுக்கோடு அதே வட்டத்தில் உட்கார்ந்தது. கீச்சொலி அலறலானது. வரவில்லை, திரும்பக் கொடு. மறுபடி முட்டல், மறுபடி அலறல். நான் கேபிளைப் பிடுங்கினேன், டிரைவின் கதவைத் திறந்தேன். அதற்குள் முடிந்திருந்தது.

"என்னா பாப்பா சத்தம்?" பெரியப்பா கூடத்திலிருந்து வந்தார்.

"கரண்ட நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே பெரியப்பா."

"நான் நிறுத்தவே இல்லையே. கட்டைய மாத்தித்தானே போட்டேன். ஃபேன் சுத்தல, உனக்கு வேத்து ஊத்துதேன்னு."

அவர் சட்டை நனைந்திருந்தது. எனக்காகத்தான் எழுந்திருக்கிறார். 

வட்டை வெளியே எடுத்தேன். பழுப்பு வட்டில், நடுவுக்குப் பக்கத்தில், முடி அளவுக்கு மெல்லிய ஒரு வளையம் கண்ணாடியாக இருந்தது. கீழே ஹெட்டும் மேலே அழுத்தும் பட்டையும் சேர்ந்து இரண்டு பக்கமும் உரித்திருந்தன. அதைச் சுற்றி இன்னும் சில வளையங்கள் வெளுத்திருந்தன. பெரியம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, வட்டைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்து, தலையைச் சாய்த்து, தாழ்த்தி, தேடினார்.

"வெளிச்சம் தெரியிதே இது வழியா."

"ஆமா பெரியம்மா."

"இங்கதான் நம்ம வாய்க்கா இருந்துதா?"

"ஆமா."

பெரியப்பா பியூஸ் கட்டை பக்கம் போய், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை கையை உயர்த்தி, தொடாமல் இறக்கினார்.

கிடைத்ததைப் புது பிளாப்பியில் எழுதி அன்று சாயங்காலமே ஓட்டினோம். கல்லணையில் நீலப் புள்ளி வந்தது. பெரியம்மா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன் தலையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். தண்ணீர் போகும் பக்கம் அந்தச் சாவித்துவாரத்தையும் இழுத்துக்கொண்டு போனார். மதகுகளின் பெயரை முன்கூட்டியே சொன்னார். குடவாசல் வந்ததும் நீலக் கோடு நின்றது. டிரைவ் அடுத்த துண்டைத் தேடியது. சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. கீழே இருந்த பச்சைக் கட்டம் பச்சையாகவே இருந்தது.

"கடைமடைக்கு வரல" என்றேன்.

"என்னைக்கு ஒழுங்கா வந்துது, இன்னைக்கு வர்றதுக்கு?" என்றார் பெரியப்பா. மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு பெரியம்மா கேட்டார், "நான் சொல்றேன், நீ அடிக்கிறியா?"

அதன் பிறகு விடுமுறை நாட்களில் எல்லாம் போனேன். கடைமடைத் துண்டு பெரும்பாலும் எண்கள்தான்: எந்த வாய்க்கால் எதிலிருந்து பிரிகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம் நிற்கும். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சந்தேகம் வந்தால் பெரியப்பாவைக் கேட்பார்.

"ஐயனார் கோயில் மதகுக்கு அப்பறம் எது?"

"அது இப்ப இல்ல டீச்சர். தூத்து பிளாட்டு போட்டுட்டான்."

"இப்ப இருக்கறத யாரு கேட்டா? நான் எழுதுனப்ப இருந்துது. இருந்த மாதிரியே சொல்லுங்க."

அடுத்ததும் இல்லை, அதன்மேல் ரோடு. அதற்கடுத்தது பாதி இருந்தது. அவர் சைக்கிளில் போன வழியை மனதில் ஓட்டி ஓட்டிச் சொன்னார். நான் அடித்தேன். நாங்கள் சேர்த்துக்கொண்டு போன வாய்க்கால்களில் பல, அந்த வட்டின் உள் வட்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாமல் போயிருந்தவை என்பது அடிக்க அடிக்கத்தான் தெரிந்தது.

முதலில் சில வாரங்கள் பெரியம்மா ஒவ்வொரு வரியையும் திரையில் தேடிச் சரிபார்த்தார். பிறகு, "நீ படி, நான் கேக்குறேன். கண்ணு கரிக்கிது" என்றார். ஒருநாள் காபி டம்ளரை மேசை என்று நினைத்து வைத்தார், அது மேசைக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. "எண்ணெய்க் கை, வழுக்கிட்டு" என்றார். தஞ்சாவூருக்கு மறுபடி போக நாள் குறித்துக் கேட்டபோது, இது முடியட்டும் என்றார். இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்த்தேன். ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கவில்லை.

முடித்த நாளுக்கு முந்தைய வாரம் வாய்க்காலில் உண்மையாகவே தண்ணீர் வந்திருந்தது. குப்பையைத் தள்ளிக்கொண்டு கலங்கலாக வந்தது. மோட்டார்கள் நின்றுவிட்டன. விசிறி சரியான வேகத்தில் சுற்றியது. பெரியப்பா அன்று காலையிலேயே பியூஸ் கட்டை மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார், கை தவறிப் போய்விடக் கூடாதென்று.

பெரியம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கல்லணையில் புள்ளி வந்தது, பிரிந்தது. டிரைவ் நடுத் துண்டை ஏற்றும்போது டக் டக்கென்றது. பெரியம்மா மடியில் கைகோத்துக்கொண்டு, திரையை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குடவாசலில் நீலக் கோடு நின்றது. டிரைவ் கடைசித் துண்டைத் தேடியது. டக், டக், டக். எங்கும் முட்டவில்லை. கீச்சொலி இல்லை. சத்தம் நின்றது, சிவப்பு விளக்கு அணைந்தது. துண்டு முழுதாக ஏறிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இனிமேல்தான் நகர வேண்டும்.

"வந்துட்டு" என்றார் பெரியம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தலை சாயவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஒருமுறைகூடச் சாயவில்லை. பெரியப்பா திரையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. நீலக் கோடு குடவாசலை விட்டு அப்போதுதான் மெல்லக் கிளம்பியது.

"ஆமா டீச்சர்," என்றார் பெரியப்பா. "வந்துட்டு."

பெரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்திடு பாப்பா. பழசு, சூடாயிடும்" என்றார்.

தண்ணீர் ஐயனார் கோயில் மதகில் தயங்கி நின்றது. ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சைக் கட்டத்துக்கு இன்னும் பல வாய்க்கால்கள் இருந்தன. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், அவர் கண் திரையை விட்டு நகரவில்லை.

"நிறுத்திட்டேன் பெரியம்மா" என்றேன். ஸ்விட்சைத் தொடாமல் கையை எடுத்துவிட்டு, பெரியப்பாவுடன் சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.